பச்சை மையில் ‘நானே’

வட்டார மைய நூலகத்தின் தலைமை நூலகருக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர், அலுவலகத்தில் ஒரு பெயர். பதிவேட்டுப் பெயர் யாருக்கும் நினைவில்லை. அலுவலகப் பெயர் ‘நானே’.

அது யாரும் வைத்த பெயர் இல்லை. அவரே எழுதி எழுதிச் சம்பாதித்தது. மாதம் ஒருமுறை மைய நூலகத்திலிருந்து கிளை நூலகங்களுக்கு ஊழியர் செய்திமடல் போகும். யாருக்கு மாற்றல், யாருக்கு ஓய்வு, எந்தக் கிளையில் கூரை ஒழுகுகிறது என்பதெல்லாம் முன்பக்கத்தில் இருக்கும். பின்பக்கத்தில் பயிற்சி வாய்ப்புகள். அச்சுக்குப் போகும் முன் மாதிரிப் படி அவர் மேசைக்கு வர வேண்டும் என்பது நடைமுறை. அவர் பச்சை மைப் பேனாவைத் திறந்து, மடலைத் திருப்பிப் போட்டு, பிடித்த பயிற்சியின் ஓரத்தில் ‘நானே’ என்று எழுதுவார். நானே போகிறேன் என்று பொருள். அந்த அறிவிப்பு அதோடு மடலிலிருந்து நீங்கிவிடும். மிச்சம் மீதிதான் கிளைகளுக்கு. சில மாதங்களில் பின்பக்கம் வெள்ளையாகவே போனதுண்டு. ஒரு கிளை நூலகர் அந்தப் பக்கத்தில் தன் பையனுக்குக் கப்பல் செய்து கொடுத்ததாகப் பேச்சு.

அவர் அறைச் சுவரைப் பார்க்க வேண்டும். பழைய நூல்களைத் தைத்து அட்டை கட்டுதல், பார்வையற்றோருக்கான வாசிப்புச் சேவை, கணினியில் பட்டியலிடுதல், கோபக்கார வாசகரைச் சமாளித்தல் என்று எல்லாவற்றுக்கும் சான்றிதழ் தொங்கும். இவற்றில் எதையும் அவர் செய்து யாரும் பார்த்ததில்லை. கோபக்கார வாசகர் யாராவது வந்தால் பின்கதவு வழியாகப் போய்விடுவார். புத்தகத் தூசி வேறு அவருக்கு ஆகாது. பழைய அட்டை ஒன்றைத் திறந்தால் போதும், தும்மல் பிடித்துக்கொண்டு ஆளையே உலுக்கிவிடும். அதனால் புத்தகங்களை அவர் தூரத்திலிருந்து மட்டுமே மதித்தார்.

“மீன் கடை வச்சுக்கிட்டு மீன் வாசனை ஆகாதும்பாங்களே, அந்த மாதிரி மனுஷன்” என்பார் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைக்கும் பைண்டர்.

சிறுவர் பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்தவளைப் பிள்ளைகள் கதையக்கா என்றார்கள். பிறகு எல்லோருமே அப்படித்தான் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை காலையில் அவள் முதலையாகத் தரையில் ஊர்வதைப் பார்க்கப் பெரியவர்களும் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பார்கள். செய்திமடலைத் தட்டச்சு செய்வதும் அவள்தான். வேறு யாரும் செய்ய முன்வராததால் அவள் தலையில் விழுந்த வேலை.

போன வருடம் சிறுவர்களுக்குக் கதை சொல்லும் பயிற்சி ஒன்று வந்தது. வட்டாரத்துக்கு ஒரே ஓர் இடம். மேலிடமான நூலக இயக்ககமே அவளைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறது என்று பைண்டர் மோப்பம் பிடித்துச் சொன்னார். அவள் நம்பி ஒரு புதுப் பைகூட வாங்கிவிட்டாள். பிறகு தலைமை நூலகர் அவளைக் கூப்பிட்டு, “உன் பேரு வரலைம்மா. மேலிடத்து முடிவு. நாம என்ன பண்ண முடியும்?” என்று வருத்தப்பட்டார். அடுத்த வாரம் அவரே போனார். திரும்பி வந்து, முயல் முகமூடி மாட்டிய பொம்மையோடு எடுத்த புகைப்படத்தைச் செய்திமடலின் முன்பக்கத்தில் போடச் சொன்னார். கதையக்காதான் அதற்குப் படக்குறிப்பு எழுதினாள்.

உண்மை தெரிய ஒரு வருடம் ஆயிற்று.

நடமாடும் நூலகத்துக்குப் புது வண்டி வரப்போவதால், அதை நிறுத்த இடம் பார்க்க இயக்ககத்திலிருந்து பயிற்சி அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. இடத்தைப் பார்த்துவிட்டுச் சிறுவர் பகுதி வாசலில் நின்றார். உள்ளே கதையக்கா முதலையாக இருந்தாள். கதை முடிந்ததும் அதிகாரி கிட்டே போனார்.

“நீங்கதானா அது? போன வருஷம் உங்களுக்காக இடம் வச்சுக் காத்திருந்தோமே. உங்க அத்தை இப்ப எப்படி இருக்காங்க?”

“எந்த அத்தை மேடம்?”

“உங்க மாமியார்தாம்மா. படுத்த படுக்கையா இருக்காங்க, திரும்பிப் படுக்கக்கூட மருமகள் கை வேணும், அதனால இவங்களால வர முடியாதுன்னு உங்க சார் எழுதியிருந்தாரே. படிச்சுட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.”

கதையக்கா பதில் சொல்லத் தேவைப்படவில்லை. வந்தது வேறொரு குரல். சிறுவர் பகுதியையும் பத்திரிகைக் கூடத்தையும் பிரிப்பது இடுப்பளவுத் தடுப்பு ஒன்றுதான். அந்தப் பக்கம் ஓர் அம்மாள் நின்றுகொண்டு, ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரிடம் குறுக்கெழுத்துப் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“பேனாவை வச்சா கையை ஒடிச்சிடுவேன். நேத்தும் நீங்கதான் போட்டீங்க, அதுலயும் பாதி தப்பு.” பக்கத்தை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு தடுப்பின் மேல் சாய்ந்தாள். “ஏம்மா, யாரு படுத்த படுக்கையா இருக்கா?”

“நீங்கதான் அத்தை” என்றாள் கதையக்கா.

பயிற்சி அதிகாரி மாமியாரைக் கால் முதல் தலை வரை பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.  கிளம்பும்போது, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: “அடுத்த மாசம் வண்டிப் பயிற்சி வருது. இந்தத் தடவை ஒரு புது விதி இருக்கு. பயிற்சி முடிச்சவங்கதான் அந்த வேலையைப் பாக்கணும். சுவத்துல மாட்டுறதுக்குன்னு இனிமே யாரும் வர முடியாது. அறிவிப்போட கடைசி வரியில இருக்கும்.”

அன்று மாலை வீட்டில் மாமியாரும் மருமகளும் துணி மடித்தார்கள். மடித்தது மருமகள். மாமியார் ஒவ்வொரு துணியையும் உதறிய வேகத்தில், அதைத் தலைமை நூலகராக நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்தது.

“என்னைப் படுக்க வச்சுட்டானே பாவி. நாலு தெரு நடந்து வந்து பேப்பர் படிக்கிறவளை!”

“நானும் அந்த வேலையை விட்டுட்டு எங்கேயாவது போயிடலாமான்னு பாக்கறேன் அத்தை. அந்த வண்டி எனக்குக் கிடைக்கலைன்னா அங்கே எனக்கு ஒண்ணுமில்லை. புத்தகத்தை ஏத்திக்கிட்டு, நூலகமே பாக்காத பிள்ளைங்ககிட்ட போகணும்னுதானே இத்தனை வருஷம் உக்காந்திருந்தேன். அவர் அதுக்கும் ‘நானே’ எழுதுவாரு. வண்டி அவர் வீட்டு வாசல்ல நிக்கும்.”

“புகார் எழுதேன்.”

“எழுதினா விசாரணை வைப்பாங்க. ‘விசாரணை நடத்துவது எப்படி’ன்னு அவரே ஒரு பயிற்சிக்குப் போயிட்டு வந்து, எனக்கு எதிர்ல நாற்காலி போட்டு உக்காருவாரு.”

மாமியார் ஒரு தலையணை உறையை உதறினாள். “சரி. அந்தாளுக்கு என்ன பிடிக்கும்?”

“சான்றிதழ்.”

“என்ன ஆகாது?”

“தூசி.”

“அப்ப ரெண்டையும் ஒரே தட்டுல வச்சுக் குடு. ஆனா ஒண்ணு, பொய் மட்டும் எழுதிடாதே. பொய் அவன் சரக்கு. நமக்கு உண்மையே போதும்.”

அந்த மாதம் இயக்ககத்திலிருந்து இரண்டு பயிற்சிகள் வந்தன. ஒரே வளாகம், ஒரே தேதிகள். முதலாவது, ‘நடமாடும் நூலக வண்டியின் தலைமைப் பொறுப்பாளருக்கான பயிற்சி’. தலைமை என்ற சொல்லைப் பார்த்தாலே பச்சைப் பேனா தானாகத் திறந்துகொள்ளும். இரண்டாவது, ‘வெள்ளத்தில் நனைந்த, பூச்சி அரித்த நூல்களைத் தூசி தட்டிச் சுத்தம் செய்தல்: நேரடிச் செய்முறை’. பல மாதங்களாக அறிவித்தும் ஒருவரும் வராத பயிற்சி அது. ஆசை காட்டுவதற்காக இயக்ககம் அதில் இரண்டு இனிப்புகளைச் சேர்த்திருந்தது: மூத்த அலுவலர்களுக்கு முன்னுரிமை, முடிவில் தேக்கு நிறச் சட்டமிட்ட சான்றிதழ்.

கதையக்கா இரண்டையும் செய்திமடலுக்கு ஏற்றபடி எழுதினாள். எழுதும்போது தலைமை நூலகரின் ஆண்டு விழா உரைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பூச்சிப் பயிற்சி இப்படி ஆனது: ‘நூற்செல்வத்தின் உயிரியல் எதிரிகளும் எதிர்கொள்ளும் மேலாண்மையும்: உறைவிடச் செய்முறைப் பயிலரங்கு. மூத்த அலுவலர்களுக்கு முன்னுரிமை. நிறைவில் தேக்கு நிறச் சட்டமிட்ட சான்றிதழ்.’ 

வண்டிப் பயிற்சி இப்படி ஆனது: ‘வண்டியில் நூல்களை ஏற்றி இறக்கி, ஊர் ஊராகக் கொண்டுபோகும் வேலைக்குப் பயிற்சி. வெயிலில் நிற்க வேண்டியிருக்கும்.’ 

இரண்டுக்கும் கீழே, அதே எழுத்தளவில், ‘பயிற்சி பெற்றவரே அப்பணிக்குப் பொறுப்பாவார்’ என்று போட்டாள். கடைசி வரியைச் சிறிய எழுத்தில் போட்டு ஏமாற்றினாள் என்ற பேச்சு பின்னால் வரக் கூடாது அல்லவா?

மாமியார் படித்துப் பார்த்தாள். “இந்த உயிரியல் எதிரின்னா யாரும்மா?”

“கரையான் அத்தை.”

“பாவம், அதுக்கு இப்படி ஒரு மரியாதை யாரும் குடுத்திருக்க மாட்டாங்க.”

மறுநாள் மாதிரிப் படியோடு அவள் அவர் அறைக்குப் போனாள். அவர் மடலைத் திருப்பிப் போட்டார். பேனா திறந்தது. உயிரியல் எதிரிகளின் ஓரத்தில் ‘நானே’ விழுந்தது. அவள் மூச்சு விட்டாள். அந்த மூச்சு வெளியே வருவதற்குள் கை பழக்கத்தில் கீழே இறங்கி, வண்டியின் ஓரத்திலும் ‘நானே’ என்று எழுதிவிட்டது.

“சார், ரெண்டும் ஒரே தேதி.”

“அப்படியா?” பேனா அந்தரத்தில் நின்றது. “வண்டின்னா, அந்தப் புது வண்டியா?”

“ஆமா சார்.”

“ஓட்டுநர் உண்டா?”

“உண்டு சார்.”

“ஏசி?”

“முன்னாடி சீட்டுக்கு இருக்குன்னு சொன்னாங்க சார்.” பொய் சொல்லக் கூடாது என்று சொன்ன அத்தையை அவள் மனதுக்குள் சபித்தாள்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். அந்த முன்சீட்டில் தன் மனைவி ஏறி உட்காருவதையும், பக்கத்தில் மைத்துனி உட்காருவதையும், வண்டி துணிக்கடை வாசலில் நிற்பதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. பேனா மெல்ல உயிரியல் எதிரிகள் பக்கம் போயிற்று. அடிக்கப் போகிறார்.

“வண்டிப் பயிற்சிக்குச் சட்டம் கிடையாது சார்” என்றாள் அவள். “வெறும் தாள்தான் தருவாங்க.”

பேனா நின்றது.

“சட்டம், நிஜத் தேக்கா?”

“தேக்கு நிறம்னு போட்டிருக்கு சார்.”

அவர் நிமிர்ந்து கதவுக்கு மேலே பார்த்தார். அந்த அறையில் சான்றிதழ் தொங்காத ஒரே இடம் அது. உள்ளே வருகிறவர்களுக்குத் தெரியாது; வெளியே போகிறவர்கள் கண்ணில் கட்டாயம் படும். வெகுநாளாக அந்த வெற்றிடம் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. முன்சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மனிதன் படும் பாட்டை அவள் நின்று ரசித்தாள். கடைசியில் சுவர் வென்றது. வண்டிக்குப் பக்கத்தில் இருந்த ‘நானே’யை அடித்தார்.

“ஏத்தி இறக்குற வேலைக்கெல்லாம் தலைமை நூலகர் போறது நல்லா இருக்காது.”

“அப்ப யாரைப் போடட்டும் சார்?”

“யாரையாவது போடு.”

“யாரையாவதுன்னு இயக்ககத்துக்கு எழுத முடியாதே சார்.”

“தொணதொணக்காதே. நீயே போய்த் தொலை.” சொன்னவர் சட்டென்று நிமிர்ந்தார். “உன்னால முடியுமா? உங்க மாமியாருக்கு உடம்பு ரொம்ப...”

தான் எழுதிய பொய்யைத் தானே நம்பும் அளவுக்கு அவர் நேர்மையானவர். தினமும் காலையில் பத்திரிகைக் கூடத்தில் சத்தம் போடும் அம்மாளும், தன் கடிதத்தில் படுத்திருக்கும் அம்மாளும் ஒரே ஆள் என்று அவருக்குத் தெரியாது. வாசகர் முகத்தைப் பார்க்கக் கற்றுத்தரும் பயிற்சி எதற்கும் அவர் இன்னும் போகவில்லை.

“இப்பத் தேவலை சார்” என்றாள் கதையக்கா. “அந்த ‘நீயே’யை மட்டும் ஓரத்துல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா...”

எழுதிக் கொடுத்தார். அந்த நூலகத்தில் பச்சை மையில் ‘நீயே’ என்ற சொல் விழுந்தது அதுவே முதல்முறை. பைண்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “கையெழுத்து அவருதுதான்” என்றார்.

பயிற்சி வளாகத்துக்கு அவர் கோட்டு போட்டுக்கொண்டு போய் இறங்கினார். கதையக்கா ஏற்கெனவே வந்து, முன்பக்கக் கொட்டகையில் வண்டியின் அலமாரித் தாழ்ப்பாள்களைத் திறந்து மூடிப் பழகிக்கொண்டிருந்தாள். அவரை எதிர்கொண்டு அழைத்துப்போகப் பயிற்சி அதிகாரியே வந்தார். மாலை, மேடை எதையும் காணோமே என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அதிகாரி அவரைப் பின்பக்கக் கிடங்குக்கு அழைத்துப்போய் ஓர் ஏப்ரன், ஒரு ஜோடி கையுறை, ஒரு முகமூடி, ஒரு பிரஷ் கொடுத்தார். கதவைத் திறந்தார்கள். வெள்ளத்தில் மூழ்கிக் காய்ந்த ஒரு கிளை நூலகமே உள்ளே மலையாகக் குவிந்து கிடந்தது. கரையான் மண்ணும் பூஞ்சையும் பொடிப்பொடியாக வெயிலில் எழும்பின.

முதல் தும்மல் கொட்டகை வரை கேட்டது. வண்டிக்குள் இருந்த கதையக்கா ஒரு தாழ்ப்பாளை மிக மெதுவாக மூடினாள். அந்தச் சத்தம் முழுதாகக் காதில் விழ வேண்டுமே.

முதல் வாரத்தில் தும்மலுக்கு நடுவே அவர் பேசினார். இரண்டாவது வாரத்தில் தும்மல் இல்லாமல் ஒரு வார்த்தை வந்தால் மற்றவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். மூக்கு பழுத்துவிட்டது. கோட்டு அறையிலேயே தொங்கியது. மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்து ஆள் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்வார். ஒருநாள் அவர் தட்டோடு கதையக்காவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, நம்ம ஆளுன்னு இங்க நீ ஒருத்திதான் இருக்கே. அந்த அதிகாரி அம்மாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன். நான் ஊருக்குப் போயாகணும்.”

“ஏன் சார்? நல்லாத்தானே போயிட்டிருக்கு? கிடங்குல பாதி சுத்தமாயிடுச்சாமே.”

“வீட்டு நிலைமை சரியில்லைம்மா.” குரலைத் தாழ்த்தினார். “எங்க மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க.”

கதையக்கா வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள். இவ்வளவு ருசியான ஒன்று அந்தக் கூடத்தில் அதற்கு முன் பரிமாறப்பட்டதே இல்லை.

“வாங்க சார். நானே சொல்றேன்.”

அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு அதிகாரி சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்குப் போனாள். “மேடம், சாரோட மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்களாம். திரும்பிப் படுக்கக்கூட சார் கை வேணுமாம்.”

‘திரும்பிப் படுக்க’ என்ற சொற்களை எங்கோ கேட்ட நினைவில் தலைமை நூலகர் அவளைப் பார்த்தார். எங்கே என்பது முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. நல்லவேளையாக அப்போது தும்மல் வந்தது.

அதிகாரி தண்ணீர் குடித்தார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“அடடா, கவலைப்படாதீங்க சார். போன வருஷம் இந்த அம்மாவோட மாமியாரும் இதே நிலைமையிலதான் இருந்தாங்க. அவ்வளவு உருக்கமா நீங்கதானே எழுதியிருந்தீங்க? போன மாசம் நானே நேர்ல பாத்தேன். நின்னுக்கிட்டு ஒரு ஆளோட சண்டை போடறாங்க. என்ன ஆரோக்கியம்! உங்க மாமியாரும் எழுந்திருப்பாங்க. நீங்க பயிற்சியை முடிச்சுட்டே போங்க.”

பக்கத்து மேசைகளில் கரண்டிகள் நின்றிருந்தன. அவர் தட்டை எடுத்துக்கொண்டு கிடங்குப் பக்கம் நடந்தார்.

பயிற்சி முடிந்தது. தேக்கு நிறச் சட்டம் அவர் கைக்கு வந்தது. கூடவே ஓர் ஆணையும் வந்தது. வட்டாரத்தின் எல்லாக் கிளைகளிலிருந்தும் பூச்சி அரித்த நூல்கள் மைய நூலகத்தின் நிலவறைக்கு வந்து சேரும். அவற்றைச் சுத்தம் செய்யும் பணிக்குப் பயிற்சி பெற்றவரே பொறுப்பு. தினமும் முற்பகல் முழுவதும் அவர் அங்கே இருக்க வேண்டும். அவர் செய்திமடலின் மாதிரிப் படியை எடுத்துக் கடைசி வரியைப் படித்தார். அது அங்கேயே இருந்தது, மற்ற வரிகளின் உயரத்தில். மேலே ஓரத்தில், பச்சை மையில், அவரே.

அடுத்த செய்திமடலின் முன்பக்கத்தில் கதையக்கா அவர் படத்தைப் போட்டாள். ஏப்ரனும் முகமூடியுமாக, கையில் பிரஷ்ஷோடு இருந்தார். யார் இந்தத் தொழிலாளி என்று கிளைகளிலிருந்து விசாரித்தார்கள். பச்சைப் பேனா இந்த முறை திறக்காததால், பின்பக்கத்தில் பயிற்சிகள் ஒன்று விடாமல் வந்திருந்தன. கப்பல் செய்த கிளை நூலகர் தொலைபேசியில் கூப்பிட்டு, “இதெல்லாம் இத்தனை நாளா எங்க இருந்துச்சு?” என்று கேட்டார்.

வண்டி புறப்படும் முதல் நாள் வந்தது. நிலவறையின் காற்றுச் சாளரம், வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக இருக்கிறது. இடம் பார்க்க வந்த அன்று அதிகாரி அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். கதையக்கா அலமாரித் தாழ்ப்பாள்களை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு முன்சீட்டில் ஏறினாள். ஏசி நன்றாகவே வேலை செய்தது.

வழியனுப்ப வந்த மாமியார் குறுக்கெழுத்துப் பக்கத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முட்டியில் கை ஊன்றிச் சாளரத்தின் முன் குனிந்தாள்.

“உடம்பைப் பாத்துக்கங்க சார். படுத்துடப் போறீங்க. படுத்தா சொல்லி அனுப்புங்க, பாத்துக்க ஆளில்லைன்னு நான் எழுதிக் குடுக்கறேன்.”

உள்ளேயிருந்து பதிலாகத் தும்மல் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். முதல் நிறுத்தத்தில் பிள்ளைகள் இந்நேரம் சாலையோரம் வந்து நிற்பார்கள். அது கதையக்காவுக்கும் தெரியும்.

“கிளம்பலாமாக்கா?”

அவள் கண்ணாடியை இறக்கிக் காதைச் சாளரத்தின் பக்கம் வைத்தாள்.

“எஞ்சினை அணைங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடலாம்.”